நெட்டில் கிடந்தால் எல்லாருக்கும் சொந்தமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, விருதுநகர் மாவட்டம். எட்டு வருடமாகச் சுற்று வட்டாரத்தில் பாட்டிமார்கள் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, களையெடுப்புப் பாட்டுகளைக் கைபேசியில் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, விளக்கத்தோடு என் சொந்த இணையதளத்தில் போட்டு வருகிறேன். நடுகற்களின் படங்களும் உண்டு. போன மாதம், லட்சக்கணக்கானோர் பார்க்கும் ஒரு யூடியூப் சேனலில் என் கட்டுரையை வரிக்கு வரி வாசித்திருந்தார்கள். என் படங்களில் ஓரத்தில் இருந்த தளத்தின் பெயரை வெட்டிவிட்டார்கள். பாட்டி பாடியதில் ஏறக்குறைய 40 விநாடியும் அப்படியே வருகிறது. ஒரு தாலாட்டில் “தொரட்டி” என்று பாட்டி பாடியதை நான் முதலில் “தொட்டி” என்று தப்பாக எழுதி, ஒரு வருடம் கழித்துத் திருத்தினேன். அவர்கள் வீடியோவில் “தொட்டி” என்றே எழுத்து ஓடுகிறது. கேட்டதற்கு, “நெட்ல இருக்கிறது எல்லாருக்கும் பொது மேடம்” என்று பதில் வந்தது. இதற்கு நடுவில், நான் போட்ட ஒரு கோயில் திருவிழா வீடியோவுக்கு, பின்னால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு கேட்டதால் எனக்கே காப்பிரைட் அறிவிப்பு வந்திருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. நான் என்ன செய்யலாம்? என் தளத்திலும் ஏழெட்டுப் படங்கள் கூகுளில் தேடி எடுத்தவைதான். தைரியமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தளங்கள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டு வருடம் வெயிலில் அலைந்து சேர்த்ததை ஒருவர் ஒரு மதியத்தில் எடுத்துக்கொண்டு, கேட்டால் பொது என்று சொல்வது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். மதுரையில் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இந்த மாதிரி வருத்தத்தோடு வருபவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் அந்தத் “தொட்டி”யைப் பற்றிப் பேசுவோம். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரே பாட்டை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதினால் சொற்கள் ஒத்துப்போகலாம். ஆனால் ஒரே இடத்தில் ஒரே தப்பை இருவரும் செய்ய மாட்டார்கள். தாலாட்டு என்பதால் தொட்டில் நினைப்பில் உங்கள் காதில் “தொட்டி” என்று விழுந்திருக்கிறது. ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டி என்று பிறகுதான் பிடிபட்டிருக்கிறது. அந்தப் பிழை உங்கள் கைரேகை. “நாங்களும் அந்த ஊருக்குப் போய்க் கேட்டு எழுதினோம்” என்று அவர்கள் நாளைக்குச் சொன்னால், இந்த ஒரு சொல்லே பதில் சொல்லும். நீங்கள் ஏற்கெனவே திருத்திவிட்டதால் பழைய பக்கம் தேவைப்படும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ‘வேபேக் மெஷின்’ என்று ஒரு வசதி இருக்கிறது. இணையப் பக்கங்கள் அந்தந்தத் தேதியில் எப்படி இருந்தன என்று சேமித்து வைப்பது. உங்கள் கட்டுரையின் முகவரியை அதில் போட்டுப் பாருங்கள். திருத்துவதற்கு முந்தைய பிரதி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும், தளத்தை நடத்தும் மென்பொருளிலேயே பழைய வரைவுகள் தேதியோடு இருக்க வாய்ப்புண்டு. வேர்ட்பிரஸ் என்றால் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

இனி, எது உங்களுடையது, எது உங்களுடையது இல்லை என்று பிரித்துக்கொள்வோம். இதில் தெளிவில்லாமல் புகார் எழுதினால் பலமான புகாரும் பலவீனமாகிவிடும்.

தாலாட்டுப் பாட்டு உங்களுடையது இல்லை. யார் கட்டினார்கள் என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த பாட்டு அது. அந்த நடுகல்லும் அப்படித்தான். இன்னொருவர் அதே ஊருக்குப் போய், அதே பாட்டைக் கேட்டு, தன் சொற்களில் எழுதினால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பாட்டுக்கு நீங்கள் எழுதிய முன்னுரை, சொல் விளக்கம், எந்தச் சடங்கில் யார் பாடுவது என்ற குறிப்பு, எதை முன்னால் வைத்து எதைப் பின்னால் வைப்பது என்ற அடுக்கு, இவை உங்கள் உழைப்பும் அறிவும் கலந்தவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இவற்றை இலக்கியப் படைப்பாகப் பாதுகாக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளைப் பதிப்பித்து விற்கும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: தீர்ப்பின் மூலப் பகுதி எல்லோருக்கும் பொது, ஆனால் பதிப்பாசிரியர் தன் அறிவைச் செலுத்திச் சேர்த்த குறிப்புகளும் பத்தி பிரிப்பும் அவருடையவை. தீர்ப்பு இருக்கும் இடத்தில் தாலாட்டை வைத்துப் பாருங்கள், உங்கள் நிலைமை விளங்கிவிடும்.

நடுகல் பொது, ஆனால் நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. படத்துக்கும் எழுத்துக்கும் உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. பாட்டியின் குரலைப் பதிவு செய்தவர் என்ற முறையில் அந்த ஒலிப்பதிவுக்கும் நீங்கள்தான் உரிமையாளர். அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இவற்றில் எதற்கும் எங்கேயும் போய்ப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. “நான் ரிஜிஸ்டர் பண்ணலையே சார்” என்று தயங்கி வருபவர்கள் நிறைய. எழுதிய அன்றே, படம் எடுத்த அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது நீதிமன்றத்தில் காட்ட ஒரு கூடுதல் சான்று, அவ்வளவுதான். உங்கள் வேலை வளர்ந்திருப்பதைப் பார்த்தால் முக்கியமான தொகுப்புகளை இனிமேலாவது பதிவு செய்து வைப்பது நல்லது என்பேன். ஆனால் இப்போதைய புகாருக்கு அது தடை இல்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். படங்கள் எல்லாம் நீங்களே எடுத்தவையா? தம்பி மகன், கூட வந்த மாணவர் என்று யாராவது எடுத்தது இருந்தால், சட்டப்படி அந்தப் படத்தின் உரிமையாளர் கேமராவைப் பிடித்தவர்தான். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் செல்லாது. எழுதும்போது எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்றும் குறிப்பிடுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இணையத்தில் போடும் பொருளுக்கு அது போதாது. பாட்டியின் குடும்பத்தார் கொடுத்த பழைய கல்யாணப் படங்கள் தளத்தில் இருந்தால், அவற்றையும் உங்கள் புகாரில் சேர்க்காதீர்கள். 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ‘ஹியூமன்ஸ் ஆஃப் பாம்பே’, ‘பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்ற இரண்டு தளங்களுக்கு இடையே நடந்த வழக்கில் இது பேசப்பட்டது. சாதாரண மனிதர்களின் கதையைப் படத்தோடு சொல்வது என்ற யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. தளத்தினர் எழுதிய எழுத்தும் எடுத்த படமும் அவர்களுடையவை. கதைக்குரியவர்கள் தாங்களே அனுப்பிய சொந்தப் படங்களில் தளத்துக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் கோடு போட்டுக் காட்டியது.

அப்புறம் பாட்டி. இதை அழுத்திச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒலிப்பதிவு உங்களுடையது என்றேன். ஆனால் பாடிய குரல் பாட்டியுடையது. நம் சட்டம் பாடுபவர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் பெயர் சொல்லி ‘நிகழ்த்துநர்’ என்று ஏற்றுக்கொண்டு, 50 ஆண்டுக்கு அவர்களுக்கென்று தனி உரிமை தந்திருக்கிறது. பாடியவர் இன்னார் என்று சொல்லப்படும் உரிமையும் அதில் சேர்ந்தது. மேடையில் பாடுபவருக்கும் திண்ணையில் பாடுபவருக்கும் அந்தச் சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆகவே அந்தச் சேனல் உங்களிடம் மட்டும் கேட்காமல் எடுக்கவில்லை, பாட்டியிடமும் கேட்காமல்தான் எடுத்திருக்கிறது. நீங்கள் பதிவு செய்தபோது பாட்டியிடம் இதை இணையத்தில் போடப்போகிறேன் என்று சொன்னீர்களா, அவர் பெயரும் ஊரும் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே ஒரு நடை போய்வாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். “இந்தப் பாட்டை நான்தான் பாடினேன், டீச்சர் நெட்டில் போடுவதற்குச் சம்மதம்” என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி அதே கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, இனி செய்ய வேண்டியது. இப்போதே யூடியூபுக்குப் புகார் எழுத உட்காராதீர்கள். புகார் எழுதிய மறுநிமிடம் அவர்கள் வீடியோவை நீக்கிவிடலாம். அப்புறம் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் முதல் வேலை சான்று சேர்ப்பது. வீடியோவின் முகவரி, சேனல் பெயர், வெளியான தேதி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோ முழுவதையும் திரைப்பதிவு செய்துகொள்ளுங்கள். “நெட்ல இருக்கிறது எல்லாருக்கும் பொது” என்ற பதிலையும் கட்டாயம் படம் எடுங்கள். உங்கள் தளத்திலிருந்துதான் எடுத்தோம் என்பதை அது கிட்டத்தட்ட ஒப்புக்கொள்கிறது. பிறகு ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் வீடியோவில் எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது விநாடி, வலப்பக்கம் உங்கள் கட்டுரையில் எந்தப் பத்தி என்று எழுதுங்கள். நீங்கள் விடைத்தாள் திருத்தியவர், இதை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள்.

உங்கள் படங்களின் மூலக் கோப்புகளைக் கைபேசியிலிருந்தோ கேமராவிலிருந்தோ அப்படியே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பெற்ற பிரதி உதவாது. எடுத்த நேரம், கருவி போன்ற குறிப்புகள் அதில் உதிர்ந்துவிடும். விவகாரம் நீதிமன்றம் வரை போனால், மின்னணுச் சான்றுகளுக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். கோப்பு கலையாமல் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

அடுத்து, அந்தச் சேனலுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம். சேனலின் அறிமுகப் பகுதியில் பெரும்பாலும் முகவரி இருக்கும். கோபத்தைக் காட்டாமல், எது உங்களுடையது, எங்கே எடுத்திருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். ‘என்ன வேண்டும்’ என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீடியோவே போக வேண்டுமா, அல்லது உங்கள் பெயரும் பாட்டியின் பெயரும் தளத்தின் இணைப்பும் முன்னால் வந்து, பிழையும் திருத்தப்பட்டால் போதுமா? சிலருக்குப் பணம் முக்கியம், சிலருக்குப் பெயர். இரண்டும் நியாயமான ஆசைகளே. படைப்பாளியின் பெயரைச் சொல்லும் கடமையை நம் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் அது படைத்தவரோடுதான் இருக்கும். படத்தின் ஓரத்தில் இருந்த பெயரை வெட்டியதையும் கடிதத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள். படைப்பின் உரிமையாளர் யார் என்று காட்டும் தகவலைத் தெரிந்தே நீக்குவது 2012 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விளையாட்டுக் காரியம் இல்லை என்று எதிர்த்தரப்புக்கு விளங்க வேண்டும்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் யூடியூபின் காப்பிரைட் படிவத்தை நிரப்புங்கள். அதில் பொய்யான தகவல் இல்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். ஆகவே தாலாட்டே என்னுடையது என்று எழுதிவிடாதீர்கள். கட்டுரை எழுத்து, இன்னின்ன படங்கள், இந்த ஒலிப்பதிவு என்று பிரித்து எழுதுங்கள். புகார் கொடுத்தவரின் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரியவரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடனே நீக்கும்படி கேட்கலாம். 7 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள் அவர்களே நீக்கினால் போகட்டும் என்றும் விடலாம். நீக்கும்படி வந்த கோரிக்கையால் வீடியோ போனால் அந்தச் சேனலுக்கு ஒரு ‘ஸ்ட்ரைக்’ விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலையே மூடும் நிலை வரும். இந்த ஸ்ட்ரைக்குக்குத்தான் பெரிய சேனல்கள் அஞ்சும். கடிதத்துக்கு அசையாதவர்கள் இதற்கு அசைவார்கள் என்பது என் அனுபவம்.

அவர்கள் எதிர்மனு போடவும் வழி இருக்கிறது. போட்டால், நீங்கள் வழக்குத் தொடுத்திருப்பதாக 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் யூடியூபிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடும். இது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய நடைமுறை. நம் நாட்டு விதி வேறு மாதிரி: எழுத்து மூலம் புகார் வந்தால், அந்த உள்ளடக்கத்தைத் தேக்கி வைத்திருக்கும் நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அது மீண்டும் திறந்துவிடலாம். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். நிறுவனம் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லாது; கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும், மீதியை நீதிமன்றம் பார்க்கட்டும் என்று விட்டுவிடும்.

நீதிமன்றம் என்றதும் டெல்லிக்கும் மும்பைக்கும் அலைய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். பதிப்புரிமை வழக்கில் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் ஒரு பெரிய சலுகை தந்திருக்கிறது. எதிராளி எங்கே இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். நஷ்டஈடு கேட்க 3 ஆண்டு வரை காலம் உண்டு. செலவுக்கு யோசிக்கிறீர்கள் என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். இதைப் படிக்கும் மற்றப் பெண்களும் குறித்துவைத்துக் கொள்ளுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். போகலாம்தான். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் தானாகக் கிடைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவ்வளவு கனமான ஆயுதம் என்பதால்தான் நான் அதை முதலில் எடுக்கச் சொல்வதில்லை. அந்தச் சேனலை ஓட்டுவது வேலை தேடிக்கொண்டிருக்கும் இரண்டு பையன்களாகக்கூட இருக்கலாம். வீடியோ போய், பெயர் வந்து, மன்னிப்பும் கேட்டால் உங்களுக்குப் போதும் என்றால் அத்தோடு முடிப்பதே மேல். திரும்பத் திரும்ப இதையே தொழிலாகச் செய்பவர்கள் என்று தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முகநூலில் சேனலின் பெயரைப் போட்டு ‘திருடர்கள்’ என்று எழுத வேண்டாம். நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்த ஒருவர், கோபத்தில் எழுதிய நான்கு வரிக்காக அவதூறு நோட்டீஸ் வாங்கி என்னிடம் வந்தார். தன் படத்தை மீட்க வந்தவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே ஒன்றரை வருடம் செலவழித்தார்.

இனி உங்கள் திருவிழா வீடியோ. அறிவிப்பை நன்றாகப் பாருங்கள். ‘கன்டென்ட் ஐடி’ என்று இருந்தால் அது ஸ்ட்ரைக் இல்லை, உங்கள் சேனலுக்கு ஆபத்தும் இல்லை. பாட்டு நிறுவனங்கள் தங்கள் பாட்டுகளின் ஒலிச்சாயலை யூடியூபிடம் கொடுத்து வைத்திருக்கின்றன. ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவிலும் அந்தச் சாயல் இருக்கிறதா என்று இயந்திரம் தேடுகிறது. மனிதர் யாரும் உங்கள் வீடியோவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சாயல் இருந்தால், வீடியோவை முடக்குவது, விளம்பரப் பணத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்வது, யார் பார்க்கிறார்கள் என்று கவனிப்பது, இந்த மூன்றில் நிறுவனம் தேர்ந்தெடுத்ததை அது செய்யும்.

கோயிலில் பாட்டுப் போட்டது தப்பில்லையே, நான் படம் எடுத்தது மட்டும் எப்படித் தப்பு என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. சமயச் சடங்குகளில் பாட்டை ஒலிக்கவிடுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதைப் பதிவு செய்து உலகத்துக்கே ஒளிபரப்புவதற்கு நீளாது. இன்னொரு விலக்கு, படம்பிடிக்கும்போது பின்னணியில் தற்செயலாக வந்து விழும் ஓவியம், சிலை போன்ற கலைப்படைப்புகளுக்கு இருக்கிறது. பாட்டு அதில் இல்லை. இதை நம் சட்டத்தில் இருக்கும் ஒரு குறை என்றே நான் நினைக்கிறேன். நம் ஊர்த் திருவிழாவை ஒலிபெருக்கி இல்லாமல் யாரால் படம் எடுக்க முடியும்? அமெரிக்காவில் ஒரு தாய், தன் குழந்தை சமையலறையில் ஒரு பாட்டுக்கு ஆடிய 29 விநாடி வீடியோவைப் போட்டார். பாட்டு நிறுவனம் அதை நீக்கச் சொன்னது, அவர் வழக்குப் போட்டார். நீக்கச் சொல்வதற்கு முன்னால் இது நியாயமான பயன்பாடாக இருக்குமோ என்று உரிமையாளர் யோசித்தாக வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நமக்கு அப்படியொரு தீர்ப்பு வரும்வரை எளிய வழி, யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போய் அந்தப் பாட்டு வரும் பகுதியை மட்டும் மௌனமாக்குவது அல்லது வெட்டுவது. கொட்டுச் சத்தம் மட்டும் இருக்கும் பகுதி எப்படியும் உங்களுடையதுதான்.

30 விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை, கீழே ‘நன்றி’ என்று போட்டால் போதும் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை. விமர்சிப்பதற்கும், நடப்புச் செய்தியைச் சொல்வதற்கும், சொந்த ஆய்வுக்கும் தேவையான அளவு எடுத்தாளலாம் என்று இருக்கிறது. அளவு பொருளைப் பொறுத்தது. ‘நன்றி: கூகுள்’ என்பது யாருக்கும் நன்றி சொன்னதாகாது. கூகுள் தேடிக் காட்டுகிறதே தவிர, அந்தப் படம் அதனுடையது இல்லை. அதனால் உங்கள் தளத்தில் இருக்கும் அந்த ஏழெட்டுப் படங்களை, புகார் எழுதுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் உங்கள் தளத்தைத்தான் துழாவும்.

அந்த இடங்களை எதைக் கொண்டு நிரப்புவது? நல்ல தளங்கள் நிறையவே இருக்கின்றன, உங்களைப் போன்றவர்களுக்கு அவை பெரிய புதையல். விக்கிமீடியா காமன்ஸில் தமிழ்நாட்டுக் கோயில்கள், நடுகற்கள், திருவிழாக்கள் என்று குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு படத்தின் கீழும் என்ன நிபந்தனை என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் போதும். சிலவற்றில், அதை மாற்றி உருவாக்குவதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று இருக்கும். இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். உங்கள் தளத்துக்கும் இதில் ஒன்றைப் போட்டுவிடலாம். “பெயர் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்தலாம்” என்று பக்கத்தின் அடியில் இருந்தால், நல்ல மனதோடு எடுப்பவர்களுக்கு வழி தெரியும். கெட்ட மனதோடு எடுத்தவர் தெரியாது என்று சொல்ல முடியாது.

பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தட்டச்சு செய்தே சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை ஏற்றிவிட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பக்கங்களே படமாகக் கிடைக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும் அங்கே உண்டு. நாட்டுடைமை என்பது நம் ஊருக்கே உரிய நல்ல வழக்கம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு எடுத்துக்கொண்டு பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியதில் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தைப் பாருங்கள். ஈழத்து நாட்டார் பாடல்கள் பற்றிய பழைய கட்டுரைகளை உங்கள் பாட்டுகளோடு ஒப்பிட்டால் உங்களுக்கே ஒரு புதுக் கட்டுரை கிடைக்கும். ஒலியில் ஆர்வம் உள்ளவர் என்பதால் இன்னொன்று: 1913க்கும் 1929க்கும் இடையில் இந்திய மொழியாய்வுக்காக கிராமபோனில் பதிவு செய்த குரல்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் கேட்கலாம். நீங்கள் இப்போது கைபேசியில் செய்யும் வேலையை நூறு வருடத்துக்கு முன்னால் கொம்பு மாதிரியான கருவியை வைத்துச் செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது என் மனம் நெகிழ்ந்துவிட்டது.

இன்டர்நெட் ஆர்க்கைவில் மட்டும் கவனமாக இருங்கள். அது கடல். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால், உரிமை முடிந்த நூலும் உரிமை உள்ள நூலும் கலந்து கிடக்கும். அங்கே இருக்கிறது என்பதே அனுமதி ஆகாது. அந்தத் தளம் நூல்களை மின்வடிவில் இரவல் கொடுத்ததை எதிர்த்து 2020இல் நான்கு பெரிய பதிப்பகங்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. 2023இல் ஆர்க்கைவ் தோற்றது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை இரவலிலிருந்து எடுக்க நேர்ந்தது. வாசகனாக எனக்கு அதில் வருத்தம் உண்டு. வழக்கறிஞராக உங்களுக்குச் சொல்ல வேண்டியது, நூலாசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள் என்பதுதான். இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு முழுதாகக் கழிந்தால் நூல் பொது. உ.வே.சா. 1942இல் மறைந்தார், 2002 டிசம்பர் 31 வரை உரிமை, 2003 பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் சொந்தம். புதுமைப்பித்தன் 1948, ஆகவே கணக்குப்படி 2009 முதல்; ஆனால் அவர் நூல்கள் 2002இலேயே நாட்டுடைமையாகிவிட்டன. இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பழகிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பழைய நூலுக்கு இன்றைய அறிஞர் ஒருவர் எழுதிய உரையும் குறிப்பும் அவருடையவை. உங்கள் தாலாட்டுக் குறிப்பு உங்களுடையதாக இருப்பது போலத்தான் அதுவும்.

பாட்டியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, சேனலுக்கு எழுதும் கடிதத்தின் வரைவையும் நடுவில் கோடு போட்ட அந்த நோட்டுப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். “தொட்டி” என்று இருந்த பழைய பக்கம் கிடைத்தால் அதைக் கடிதத்தின் முதல் இணைப்பாக வையுங்கள்.